வெறும் கரை

கனடாவின் வடக்கே நுனாவுட் பிரதேசத்தில் கசான் என்றொரு ஆறு ஓடுகிறது. மரமே முளைக்காத தரைவெளியில் பாறைகளுக்கு இடையே வழி கண்டு ஓடி, கடைசியில் பேக்கர் ஏரியில் கலக்கிறது. கோடை முடிந்து குளிர் இறங்கும் சமயத்தில் கரிபு மான்கள் ஆயிரக்கணக்கில் தெற்கே நடக்கத் தொடங்கும். வழியில் இந்த ஆற்றைக் கடந்தாக வேண்டும். தரையில் காற்றாய்ப் பறக்கும் மான், நீரில் இறங்கினால் வேகம் இழந்துவிடும். தோல் போர்த்திய கயாக் படகில் காத்திருக்கும் வேட்டைக்காரருக்கு அதுதான் தருணம். நீந்தும் மானை ஈட்டியால் குத்திவிடலாம். ஒரு குடும்பம் குளிர்காலம் முழுக்கத் தின்னும் இறைச்சியும், உடுத்தும் தோலும் அந்தச் சில வாரங்களில் சேர்ந்தால்தான் உண்டு.

மான்கள் கடக்கும் இத்தகைய துறையை அங்குள்ள இனுயிட் மக்கள் நல்லுக் என்கிறார்கள். தொல்லியலாளர் ஒருவர் இங்கே வந்து நடந்தால் என்ன பார்ப்பார்? கூடாரத் தோலின் விளிம்பு காற்றில் தூக்கிக்கொள்ளாமல் இருக்க வட்டமாக வைத்த கற்கள். இறைச்சியை நரி தின்னாமல் மூடி வைத்த கற்குவியல்கள். நாய்கள் கயாக்கின் தோலைக் கடித்துவிடாதபடி படகை உயரத்தில் தூக்கி வைக்க நிறுத்திய கல் தாங்கிகள். இவற்றையெல்லாம் அளந்து, படம் வரைந்து, நிலப்படத்தில் புள்ளி வைப்பார். எதுவும் இல்லாத கரைக்கு வந்தால், புள்ளி வைக்க ஒன்றும் இல்லை என்று நடையைக் கட்டுவார்.

அந்த வெறும் கரையைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் ஹர்வாக்டூர்மியுட் என்ற அந்த ஆற்று மக்களின் மூத்தோர். மான்கள் வந்து நீரில் இறங்கும் கரையில் யாரும் கூடாரம் அடிக்கக் கூடாது. மானை அங்கே வைத்து உரிக்கக் கூடாது. எலும்போ குடலோ அந்தப் பக்கம் கிடக்கக் கூடாது. ரத்த வாடையோ மனித வாடையோ பட்டால் முன்னே வரும் மான் திரும்பிவிடும். அது திரும்பினால் மந்தையே திரும்பும். மந்தை திரும்பினால் அந்தக் குளிர்காலம் பட்டினிதான். பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்த ஒழுங்கு இது. கரை வெறுமையாக இருப்பது அங்கே மனிதர் வராததால் அல்ல. அதை மனிதர்கள் வேண்டுமென்றே வெறுமையாக வைத்திருந்தார்கள். குப்பையும் உடைசலும் எங்கே கிடக்கின்றனவோ அங்கேதான் வரலாறு என்று பழகிய ஒரு துறைக்கு, ஒன்றுமே இல்லாத இடமும் மனிதர் செய்த வேலைதான் என்பதை எந்தக் கருவியும் காட்டியிருக்காது.

பேக்கர் லேக் ஊரின் மூத்தோரும் தொல்லியலாளர்களும் கசான் கரையில் ஒன்றாக நடந்து, ஒவ்வொரு கல்லமைப்பையும் பார்த்து, அதன் பெயரையும் பயனையும் அங்கே தங்கியிருந்தவர்களையும் பதிவு செய்தார்கள். தேசிய வரலாற்று இடமாக எதை அறிவிக்கலாம் என்று ஊரைக் கேட்டபோது, அந்த மக்கள் தேர்ந்தெடுத்தது மான் கடக்கும் துறையை. 1995-ல் அது அப்படியே அறிவிக்கப்பட்டது. கோட்டையோ கோபுரமோ சிலையோ இல்லாத, ஓடும் நீரும் இரண்டு கரைகளும் மட்டுமே உள்ள ஒரு நினைவிடம். அந்தத் தேர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. தங்களை உயிரோடு வைத்தது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

*

இப்படிக் கேட்டு நடக்கும் வழக்கம் எளிதில் வந்துவிடவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆர்க்டிக் தொல்லியல் ஒரே மாதிரிதான் நடந்தது. கோடையில் கப்பலிலோ விமானத்திலோ தெற்கிலிருந்து ஆய்வாளர்கள் வருவார்கள். வழிகாட்டவும், படகு ஓட்டவும், வேட்டையாடி உணவு கொடுக்கவும் உள்ளூர்க்காரர்கள் வேண்டும். தோண்டியதும் பெட்டிகளில் அடைத்து ஒட்டாவாவுக்கோ கோபன்ஹேகனுக்கோ வாஷிங்டனுக்கோ கொண்டுபோவார்கள். அறிக்கை ஆங்கிலத்திலோ டேனிஷ் மொழியிலோ வரும். வழிகாட்டியவரின் பெயர் அதில் இருந்தால் அதிசயம். தன் பாட்டி வாழ்ந்த வீட்டிலிருந்து எடுத்த ஊசிக்கூட்டைப் பேத்தி பார்க்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டும்.

அந்தக் காலத்தின் மனநிலையை இரண்டு எண் முறைகளில் பார்க்கலாம். கனடாவின் தொல்லியல் இடங்களுக்கெல்லாம் சார்லஸ் போர்டன் என்ற ஆய்வாளர் 1952-ல் ஒரு குறியீட்டு முறை வகுத்தார். நிலநேர்க்கோடு, நிலநிரைக்கோடு இவற்றின்படி நாடு முழுதும் கட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டமும் நான்கு எழுத்தாலும், அதற்குள் உள்ள ஒவ்வொரு இடமும் ஓர் எண்ணாலும் குறிக்கப்படும். அறிவியலுக்கு மிகவும் பயனுள்ள முறை, இன்றும் நடப்பில் உள்ளது. அதற்குச் சற்று முன்பே, 1941 முதல், கனடா அரசு இனுயிட் மக்களுக்கும் எண் கொடுக்கத் தொடங்கியிருந்தது. இனுயிட் பெயர்கள் அதிகாரிகளின் வாயில் நுழையவில்லை, குடும்பப் பெயர் என்ற வழக்கமும் அவர்களிடம் இல்லை. எனவே ஆளுக்கொரு வட்டத் தகடு, அதில் கிழக்குக்கு ஓர் எழுத்தும் மேற்குக்கு ஓர் எழுத்துமாக, பின்னால் எண். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்தத் தகடு எண்தான் அரசுக் கோப்புகளில் ஒரு மனிதர். இடத்துக்கும் ஓர் எண், அந்த இடத்தில் பிறந்தவருக்கும் ஓர் எண். இரண்டுக்கும் ஏற்கெனவே பெயர் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

1993-ல் கையெழுத்தான நுனாவுட் உடன்படிக்கை நிலைமையை மாற்றியது. 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் தனிப் பிரதேசமானது. இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக உள்ள, ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் அது. அந்த உடன்படிக்கையின் 33-வது பிரிவு முழுக்கத் தொல்லியல் பற்றியது. அதன்படி இனுயிட் மரபு அறக்கட்டளை அமைந்தது. இப்போது நுனாவுட்டில் மண்வெட்டியைத் தரையில் வைக்க வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். அந்த விண்ணப்பம் அறக்கட்டளையின் பார்வைக்கும் அருகிலுள்ள ஊரின் பார்வைக்கும் போகும். தோண்டி முடித்தபின், என்ன கண்டோம் என்பதை யாருக்கும் புரியும் நடையில் இனுக்டிடுட் மொழியிலும் எழுதித் தர வேண்டும்.

இடங்களின் பழைய பெயர்களைத் திரட்டி நிலப்படமாக அச்சிடும் வேலையையும் அதே அறக்கட்டளை செய்கிறது. ஆங்கிலேய மாலுமிகள் தங்களுக்குப் பணம் கொடுத்த பிரபுக்களின் பெயரை வைத்துவிட்டுப் போன விரிகுடாக்களுக்கெல்லாம் அங்கே வேறு பெயர்கள் இருந்தன. ‘நிறையக் கொழுப்பு கிடைக்கும் இடம்’, ‘பெரிய மீன்கள் உள்ள இடம்’ என்ற வகைப் பெயர்கள். ஒரு வேட்டைக்காரருக்கு அவை பெயரும் வழிகாட்டியும் ஒன்றாகச் சேர்ந்தவை. எங்கே தோண்டலாம் என்று தேடும் தொல்லியலாளருக்கும் அப்படித்தான்.

*

மூத்தோர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்விக்கு ஆர்க்டிக்கில் கிடைத்த விடை, 170 ஆண்டு நீளமான ஒரு கதை.

1845 மே மாதம் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டன. அமெரிக்கக் கண்டத்தின் தலைக்கு மேலாக ஆசியாவுக்குக் கடல்வழி தேடுவது நோக்கம். 129 பேர் பனிக்கடலுக்குள் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. கிங் வில்லியம் தீவுக்கு அருகே கப்பல்கள் பனியில் சிக்கின. 1848 ஏப்ரலில் மிச்சமிருந்த 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கே நடக்கத் தொடங்கினார்கள். நடந்தவர்கள் வழியெல்லாம் விழுந்தார்கள்.

1854-ல் ஜான் ரே என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பெல்லி விரிகுடாப் பக்கம் இனுயிட் மக்களைச் சந்தித்தார். வெள்ளைக்காரர் பலர் பசியால் செத்துக் கிடந்ததையும், சமைத்த பாத்திரங்களில் மனித உடலின் துண்டுகள் இருந்ததையும் அவர்கள் சொன்னார்கள். கப்பலிலிருந்து வந்த வெள்ளிக் கரண்டிகளையும் காட்டினார்கள். ரே அதை அப்படியே அறிக்கையாக எழுதினார். லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில், ஆங்கிலேய மாலுமிகள் அப்படிச் செய்திருக்கவே முடியாது, அந்த ‘காட்டுமிராண்டிகளே’ அவர்களைக் கொன்றிருக்கலாம் என்ற பொருளில் எழுதினார். ஒரு முழு மக்களின் சாட்சியம் ஓர் எழுத்தாளரின் பேனாவால் தள்ளுபடி ஆனது.

எலும்புகள் பின்னால் பேசின. கிங் வில்லியம் தீவில் எரெபஸ் விரிகுடாக் கரையில் கிடந்த மாலுமிகளின் எலும்புகளை ஆராய்ந்த ஆன் கீன்லிசைட் குழு 1997-ல் வெளியிட்ட முடிவு: ஏறத்தாழ கால்வாசி எலும்புகளில் கத்தியால் சதையை அரிந்த வெட்டுத் தடங்கள். அதே இடத்தில் கிடைத்திருந்த ஒரு தாடை எலும்பின் மரபணு, 2024-ல் வெளியான ஆய்வில் எரெபஸ் கப்பலின் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸின் உறவினர் ஒருவருடையதோடு பொருந்தியது. அந்தத் தாடையிலும் வெட்டுத் தடங்கள் இருந்தன. பசியின் கடைசிப் படியில் நின்ற மனிதர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்னவர்களைப் பொய்யர்கள் என்றதற்கு 170 ஆண்டுகள் கழித்து வந்த இந்த விடையை, ஒரு மன்னிப்புக் கடிதமாகவே வாசிக்கத் தோன்றுகிறது.

கப்பல்களின் கதையும் அப்படியே. 1860-களில் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கர் அந்தப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் சுற்றிக் கேட்டறிந்தார். அவருக்கு மொழிபெயர்த்தவர்கள் தக்குலிட்டுக், இபிர்விக் என்ற இனுயிட் தம்பதியர். இவர்கள் இல்லாமல் அந்தக் குறிப்பேடுகளே இல்லை. 1879-ல் ஃபிரெடெரிக் ஷ்வாட்காவின் குழுவுக்கும் இபிர்விக் துணையாக இருந்தார். அந்தக் குழுவிடம் புஹ்டூராக் என்ற முதியவர் சொன்னது இது. அடெலெய்ட் தீபகற்பத்துக்கு மேற்கே, உட்ஜுலிக் என்னும் பகுதியில், பனியில் சிக்கிய ஒரு பெரிய கப்பலைப் பார்த்தோம். உள்ளே ஒரு படுக்கையில் ஒரு வெள்ளைக்காரரின் பிணம் கிடந்தது. உள்ளே நுழையத் தெரியாமல் பக்கவாட்டில் ஓட்டை போட்டோம். பனி உருகியதும் கப்பல் மூழ்கியது, பாய்மரத்தின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது.

இந்தச் சாட்சியங்களை எல்லாம் சேர்த்து வைத்து, ஒன்றோடொன்று ஒட்டியும் வெட்டியும் பார்த்து டேவிட் உட்மன் 1991-ல் ஒரு நூலே எழுதினார். ஜோவா ஹேவன் ஊரில் லூயி கமூக்காக் என்ற வேட்டைக்காரர் வேறொரு வழியில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். சிறுவனாக இருந்தபோது கொள்ளுப்பாட்டி அவருக்கு ஒரு கதை சொன்னார். தான் சிறுமியாக இருந்த காலத்தில் தீவின் வடக்குக் கரையில் கரண்டிகளும் துப்பாக்கிக் குண்டுகளும் கிடந்ததைப் பற்றிய கதை. அன்று தொடங்கியவர் வாழ்நாள் முழுக்க மூத்தோரிடம் உட்கார்ந்து கேட்டார், எழுதி வைத்தார், பெயர்களை நிலப்படத்தில் பொருத்தினார். பட்டம் எதுவும் இல்லாமல் அவர் செய்தது அசல் ஆராய்ச்சி.

2014 செப்டம்பரில் எரெபஸ் கிடைத்தது. உட்ஜுலிக் பகுதியில், வெறும் 11 மீட்டர் ஆழத்தில். அருகிலுள்ள சிறு தீவில் நுனாவுட் அரசின் தொல்லியல் குழு ஒரு கப்பலின் இரும்புத் துண்டைக் கண்டெடுத்தது உடனடித் துப்பு. ஆனால் தேடலை அந்தத் தெற்குப் பகுதிக்கு இழுத்து வந்ததே புஹ்டூராக் போன்றவர்களின் பேச்சுதான். இரண்டு ஆண்டு கழித்து டெரர். ஜோவா ஹேவனைச் சேர்ந்த சாமி கொக்விக் ஆராய்ச்சிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விரிகுடாவின் பனியில் மரத்தூண் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததாகச் சொன்னார். கப்பல் திட்டமிட்ட பாதையை விட்டு அங்கே திரும்பியது. 24 மீட்டர் ஆழத்தில், கண்ணாடி ஜன்னல்கள்கூடப் பெரும்பாலும் உடையாமல் டெரர் நின்றிருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுக் கப்பலைத் திருப்பச் சொன்னவரையும் நான் பாராட்டுவேன். கேட்பதைவிடக் கேட்டபின் திசை மாற்றுவது அரிது.

*

வாய்மொழி எல்லாம் உண்மை, மண் எல்லாம் பொய் என்று இதைப் புரிந்துகொண்டால் இரண்டுக்கும் அநியாயம். ஃபிராங்க்ளின் சாட்சியங்களிலேயே இரண்டு கப்பல்களின் கதை ஒன்றோடொன்று கலந்திருக்கிறது. சில கதைகள் வேறு பயணிகளுடையவை. நினைவும் மண்ணும் ஒன்றையொன்று சோதிக்கும்போதுதான் வேலை சூடு பிடிக்கிறது. துனிட் பற்றிய விவாதம் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

நாங்கள் இந்த நிலத்துக்கு வந்தபோது இங்கே வேறொரு மக்கள் இருந்தார்கள் என்று கிழக்கு ஆர்க்டிக் முழுவதும் இனுயிட் மக்கள் சொல்வார்கள். அவர்கள்தான் துனிட். பேராற்றல் உள்ளவர்கள், ஒருவரே ஒரு வால்ரஸை இழுத்துப் போய்விடுவார். ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள், சண்டை என்றால் ஓடிவிடுவார்கள்.

1925-ல் டயமண்ட் ஜென்னெஸ் என்ற மானிடவியலாளர், கேப் டோர்செட்டிலிருந்து அருங்காட்சியகத்துக்கு வந்த பொருட்களில் இனுயிட் முன்னோருடையதாக இல்லாத ஒரு வகையைப் பிரித்து, அதை டோர்செட் பண்பாடு என்றார். தோண்டத் தோண்ட அந்த மக்களின் தனித்தன்மை தெளிவானது. இனுயிட் முன்னோரிடம் வில் இருந்தது, நாய் இழுக்கும் பனிவண்டி இருந்தது, எலும்பில் வட்டமாகத் துளை போடும் வில்துளைக் கருவி இருந்தது. டோர்செட் மக்களிடம் இவை இல்லை. அவர்கள் துளையிட்ட பொருட்களில் துளை வட்டமாக இருக்காது, கீறிக் கீறிக் குடைந்த நீள்வடிவமாக இருக்கும். ஒரு ஊசியின் காதைப் பார்த்தே இது யாருடையது என்று சொல்லிவிடலாம். 2014-ல் வெளியான விரிவான மரபணு ஆய்வும் அவர்கள் இனுயிட் மக்களின் மூதாதையர் அல்லர், தனி மரபினர், ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர்கள் என்று காட்டியது. வேறொரு மக்கள் இருந்தார்கள் என்ற வாக்கியம் ஆய்வகத்தில் உறுதியானது.

இரண்டு மக்களும் நேரில் சந்தித்தார்களா என்பதில்தான் இன்னும் வழக்கு. இங்கே காலக்கணிப்பின் சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்பன்-14 முறையில் வயதைக் கணக்கிட, ஓர் உயிர் வாழும்போது காற்றிலுள்ள கார்பனை உண்டது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் சீலும் திமிங்கலமும் கடலின் கார்பனை உண்கின்றன. ஆழ்கடலில் பல நூற்றாண்டு தேங்கிய பழைய கார்பன் அது. எனவே நேற்றுச் செத்த சீலின் எலும்பும் நூற்றாண்டுகள் பழையது போல் காட்டும். சீல் எண்ணெய் ஊறிய கரியும் அப்படியே. மரம் இல்லாத ஊரில் வீடு கட்டப் பயன்படுத்திய மிதவை மரமோ, எப்போது விழுந்து எத்தனை ஆண்டு கடலில் அலைந்து எத்தனை வீடுகளில் மாறி வந்தது என்று சொல்ல முடியாது. நம்பத் தகுந்தது, புல்லையும் கற்பாசியையும் தின்னும் கரிபு மானின் எலும்பு. இந்தச் சிக்கலைக் கவனத்தில் கொண்டு மேக்ஸ் ஃபிரீசனும் சார்லஸ் ஆர்னால்டும் 2008-ல் கணக்கிட்டபோது, இனுயிட் முன்னோர் அலாஸ்காவிலிருந்து கிழக்கே வந்தது பாடநூல்கள் சொன்ன கி.பி. 1000-ஐ ஒட்டி அல்ல, 13-ஆம் நூற்றாண்டில் என்று தெரிந்தது. துனிட் மறைந்த காலத்துக்கு மிக நெருக்கம். சந்தித்திருக்க இடமுண்டு என்கிறார் ஒருவர், மண்ணில் அதற்குத் தடம் இல்லை என்கிறார் இன்னொருவர். சந்தித்தோம், அவர்களிடமிருந்து நிலத்தை அறிந்தோம் என்று சொல்லும் கதை இன்னும் உயிரோடிருக்கிறது. கசான் கரை சொல்லித் தந்தபின், மண்ணில் தடம் இல்லை என்ற வாதத்தை நான் சற்று நிதானமாகவே ஏற்பேன்.

அதே ஃபிரீசன், விக்டோரியா தீவில் இக்கலுக்டூக் என்ற மீன்பிடித் துறையில், கிட்டிக்மியோட் மரபுச் சங்கத்தோடு சேர்ந்து பல கோடைகள் தோண்டியிருக்கிறார். கேம்பிரிட்ஜ் பே ஊரின் மூத்தோரும் இளையோரும் அதே முகாமில் கூடாரம் அடித்தார்கள். பகலில் சிலர் தோண்ட, சிலர் மீன் உலர்த்த, மூத்தோர் அந்த இடத்தின் கதைகளைச் சொல்ல, எல்லாம் பதிவானது. இத்தகைய முகாம்களில் இரண்டு ஆர்வங்கள் எதிரெதிரே வந்து நிற்பது வழக்கம். ஆய்வாளருக்கு ஆக ஆழத்தில் கிடப்பது வேண்டும், 2,000 ஆண்டு, 4,000 ஆண்டு. பாட்டிக்கு ஆக மேலே கிடப்பது வேண்டும். தன் தாய் கூடாரம் அடித்த கல்வட்டம், தகப்பனார் அடுப்பு வைத்த இடம். அறிவியல் வெகுகாலம் அந்த மேலடுக்கைக் கலைந்த மண் என்று வாரி எறிந்தது. பள்ளி விடுதிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பி, நிலத்தைவிட்டுக் கட்டாயமாக ஊர்களில் குடியேறி, மொழியும் கைவேலையும் பாதி அறுந்த ஒரு சமூகத்துக்கு 80 ஆண்டுக்கு முந்தைய அடுப்புதான் 4,000 ஆண்டு அடுப்பைவிட அவசரம். அதுவும் தொல்லியல்தான் என்பதே என் முடிவு.

*

நுனாவுட்டுக்கு மேற்கே மக்கென்சி ஆற்றின் கழிமுகத்தில் வாழ்பவர்கள் இனுவியலுயிட். 1860-களில் அந்தக் கழிமுகத்துக்குக் கிழக்கே ஆண்டர்சன் கோட்டை என்ற வணிக நிலையத்தை நடத்திய ரோடரிக் மக்ஃபார்லேன், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் பறவை முட்டைகளோடும் விலங்குத் தோல்களோடும் நூற்றுக்கணக்கான கைவினைப் பொருட்களையும் வாங்கி அனுப்பினார். மேலங்கிகள், காலணிகள், புகைக்குழாய்கள், ஈட்டிமுனைகள், தையல் பைகள். அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் தட்டம்மையும் செங்காய்ச்சலும் அந்த மக்களை வாரிக்கொண்டு போயின. எஞ்சியவர்கள் மிகச் சிலர். கைகளோடு கைவேலையும் போனது. பொருட்கள் மட்டும் வாஷிங்டன் அருகே இழுப்பறைகளில் பத்திரமாக இருந்தன.

2009-ல் இனுவியலுயிட் மூத்தோரும் தையல் கைகாரிகளும் இளைஞர்களும் சில ஆய்வாளர்களோடு அங்கே போனார்கள். அருங்காட்சியகப் பதிவேட்டில் ஒரு மேலங்கி என்றால் நீளம், அகலம், எந்தத் தோல், எந்த ஆண்டு. தையல்காரி ஒருவர் அதே மேலங்கியை மேசையில் விரித்தால் பார்ப்பது வேறு. எந்தத் துண்டு விலங்கின் எந்தப் பாகத்திலிருந்து வெட்டியது, மயிர் எந்தத் திசையில் ஓடுகிறது, காற்றுப் புகாமலிருக்க மடிப்பை எப்படிப் புரட்டியிருக்கிறார், கிழிந்ததை எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார். அளவெடுத்தார்கள், வெட்டு மாதிரிகளைத் தாளில் வரைந்தார்கள். ஊர் திரும்பி அதைப் பார்த்துப் புதிதாகத் தைத்தார்கள். 2012-ல் அந்தத் தொகுப்பு முழுவதும் இனுவியலுயிட் குரல்களோடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தது. பொருட்களின் சொந்த இடம் எது என்ற கேள்வி அதனால் தீரவில்லை. ஆனால் வெட்டு மாதிரி ஊருக்கு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அருங்காட்சியக வேலைகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லத் தயங்குவேன்.

நுனாவுட்டின் நிலை இதைவிடக் கடினம். பிரதேசத்துக்கென்று தக்க காப்பகம் இல்லாததால், அங்கே தோண்டியவை யெல்லோநைஃபிலும் பின்னர் ஒட்டாவாப் பக்கத்திலும் இருப்பு வைக்கப்பட்டன. உரிமை காகிதத்தில் ஊருக்கு, பொருள் விமான தூரத்தில். தங்கள் மண்ணிலேயே ஒரு மரபு மையம் கட்ட இனுயிட் மரபு அறக்கட்டளை பாடுபடுகிறது.

*

காலம் இப்போது வேறு வகையில் நெருக்குகிறது. ஆர்க்டிக் தொல்லியலின் பெருஞ்செல்வம் அதன் உறைமண். மற்ற நாடுகளில் கல்லும் பானையும் மட்டுமே மிஞ்சும். இங்கே மரம், தோல், மயிர், புல் பின்னல், உணவின் கொழுப்புக்கூட மிஞ்சும். உறைமண் உருகினால் அவை ஒரே கோடையில் அழுகும். முன்பெல்லாம் ஆண்டின் பெரும்பகுதி கடல் பனியால் மூடிக் கிடந்ததால் புயல் வந்தாலும் அலை எழாது. இப்போது பனி தாமதமாக வருகிறது. இலையுதிர்காலப் புயலின் அலைகள் உருகி இளகிய கரையை நேராக அறைகின்றன. மக்கென்சி கழிமுகத்தில் கூக்பாக் என்ற வெண்திமிங்கல வேட்டையரின் பழைய ஊரில், மிதவை மரத்தால் சிலுவை வடிவில் கட்டிய ஒரு பெரிய வீட்டை ஃபிரீசன் குழு 2014 தொடங்கிச் சில கோடைகளில் தோண்டியது. கரை அரித்துக்கொண்டே வர, நேரத்தோடு போட்டியிட்ட அகழாய்வு. நூற்றுக்கணக்கான இடங்கள் இப்படிக் கரைகின்றன. எல்லாவற்றையும் தோண்டப் பணமும் இல்லை, ஆளும் இல்லை, கோடையும் இல்லை. எதைக் காப்பது என்று தேர்ந்தெடுக்க, எது தங்களுக்கு முக்கியம் என்று அந்த ஊர்களையே கேட்டாக வேண்டும்.

எரெபஸுக்கும் இதே கதிதான். 11 மீட்டர் என்பது புயல் அலைக்கு எட்டும் ஆழம். 2018-ல் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது மேல்தளத்தின் ஒரு பகுதி புரண்டு கிடந்தது. அதே ஆண்டில் பிரிட்டன் இரண்டு கப்பல்களையும் கனடாவுக்குக் கொடுத்தது, தொடக்கத்தில் மீட்ட 65 பொருட்களை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டு. கப்பல்களும் இனி மீட்கப்படும் பொருட்களும் இப்போது கனடா அரசுக்கும் இனுயிட் மரபு அறக்கட்டளைக்கும் கூட்டுச் சொத்து. ஜோவா ஹேவனில் நட்டிலிக் மரபு மையம் இருக்கிறது. லூயி கமூக்காக் 2018 மார்ச்சில், 58 வயதில் காலமானார். இரண்டு கப்பல்களும் கிடைத்ததைப் பார்த்துவிட்டுப் போனார். ஃபிராங்க்ளினின் கல்லறையைத் தேடிக்கொண்டே இருந்தார், அது இன்னும் கிடைக்கவில்லை.

2017 முதல், கோடை வந்து கடல் திறந்ததும், ஜோவா ஹேவனிலிருந்து காவலர்கள் படகில் போய் எரெபஸ் மூழ்கிய இடத்துக்கு அருகே முகாம் அடிக்கிறார்கள். அனுமதி இல்லாத கப்பல் எதுவும் நெருங்காமல் பார்ப்பது அவர்கள் வேலை. கடற்படை வரைபடத்தில் அந்த நீருக்கு வில்மட் அண்ட் கிராம்ப்டன் விரிகுடா என்று பெயர். புஹ்டூராக் சொன்ன பெயர் உட்ஜுலிக். தாடி வைத்த பெரிய சீல்கள் இருக்கும் இடம் என்று அதற்குப் பொருள். அந்தச் சீலின் தடித்த தோல்தான் காலணியின் அடிப்பாகத்துக்கும் நாய்வண்டியின் வாருக்கும் ஆகும் தோல்.